நாடுகள் ஒன்றுசேரட்டும், ஆனால் மக்களிடம் கேட்டுவிட்டு

இந்தியாவோடு மின்கம்பி இணைப்பு, மன்னாருக்குத் தரைப்பாலம், எட்கா எனும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை என்று எது பேச்சுக்கு வந்தாலும் கொழும்பில் முதலில் எழும் குரல் ஒன்றுதான்: இறைமை பறிபோகப் போகிறது. நாடுகள் தங்கள் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பொது அமைப்பு ஒன்றிடம் ஒப்படைப்பதை நான் ஆதரிக்கிறேன். இந்த நாட்டில் தமிழராக வாழ்வதால் கொஞ்சம் அழுத்தியே ஆதரிக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

கோடீஸ்வரன் வழக்கு நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஓர் அரச எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை என்று அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குப் போடவே முடியாது என்று உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1969 இல், அப்போது நமக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் அந்த முடிவை மாற்றி, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய அரசகரும மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைப் பார்க்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது, பழையதில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29 ஆம் பிரிவும் போய்விட்டது.

கோமறைக் கழகத்துக்காக நான் ஏங்கவில்லை. அது காலனிக் காலத்து நீதிமன்றம். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை வழக்கில் 1953 இல் அதே கழகம் கைவிரித்ததையும் மறக்க முடியாது. நான் சொல்ல வருவது, சொந்த அரசு கதவைச் சாத்தினால் தட்டுவதற்கு இன்னொரு கதவு வேண்டும் என்பதை.

சிங்கராசா வழக்கிலும் நடந்தது இதுதான். ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிமனிதர் முறையிட வழி செய்யும் விருப்ப நெறிமுறையில் இலங்கை 1997 இல் சேர்ந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறைக்குப் போன சிங்கராசாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004 இல் அந்தக் குழு சொன்னது. 2006 இல் நம் உயர் நீதிமன்றமோ, அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. மக்களின் நீதி அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுக்க முடியாதாம். அந்த மக்களில் சிங்கராசாவும் ஒருவர்தானே? ஐரோப்பாவில் 46 நாடுகளைச் சேர்ந்த யாரும், உள்நாட்டு வழிகள் முடிந்த பிறகு, தன் அரசுக்கு எதிராகவே ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம். (அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இல்லை, தனி அமைப்பு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) நம்மிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்!

ஒன்றுசேர்வதன் மற்ற நன்மைகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1951 இல் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் நிலக்கரியையும் உருக்கையும் பொதுவாக்கின, ஐரோப்பிய ஒன்றியம் அதிலிருந்தே வளர்ந்தது. அதன் பிறகு ஜேர்மனியும் பிரான்சும் சண்டை போடவில்லை. வெள்ளவத்தையில் உறவினர் பாரிசிலோ டோர்ட்முண்டிலோ இல்லாத தமிழ் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாரிசிலிருந்து டோர்ட்முண்டுக்கு ஒரு கல்யாண வீட்டுக்குக் காரில் போய்வருகிறார்கள், நடுவில் விசா என்ற பேச்சே இல்லை.

இன்னொன்று. ஒன்றியத்தில் சேராமல் இருந்தால் அடுத்தவன் முடிவுக்குக் கட்டுப்படாமல் இருக்கலாம் என்று நினைப்பது தவறு. 2010 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்றுமதித் தீர்வைச் சலுகையை நிறுத்தியது, 2017 இல் திருப்பித் தந்தது. 2015 இல் நம் மீன் ஏற்றுமதிக்குத் தடை போட்டது, அடுத்த வருடம் நீக்கியது. மனித உரிமைக்காக எடுத்த முடிவு, சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்க எடுத்த முடிவு என்று காரணங்கள் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் கட்டுநாயக்காவில் தையல் மெஷினில் இருக்கும் பெண்ணுக்கும் நீர்கொழும்பு மீனவருக்கும் அந்த முடிவுகளை எடுக்கும் பிரசெல்ஸில் ஒரு வாக்கும் இல்லை. சின்ன நாடு எப்படியும் வெளியார் விதிக்கு அடங்கித்தான் போகிறது. அந்த விதியை எழுதும் மேசையில் ஓர் இடம் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, இனி நிபந்தனைக்கு வருகிறேன். மேசையில் இடம் இருந்தும் மக்களின் குரல் எடுபடாமல் போகலாம். அதற்கும் ஐரோப்பாவே சாட்சி. 2005 இல் ஐரோப்பிய அரசியலமைப்பை பிரான்சும் நெதர்லாந்தும் சர்வஜன வாக்கெடுப்பில் நிராகரித்தன. அதில் இருந்த பெரும்பாலான விடயங்கள் லிஸ்பன் உடன்படிக்கையாகத் திரும்பி வந்தபோது இரண்டு நாட்டு மக்களிடமும் கேட்கவில்லை, பாராளுமன்றத்திலேயே முடித்தார்கள். மக்களிடம் கேட்ட ஒரே நாடு அயர்லாந்து. 2008 இல் அந்த மக்கள் வேண்டாம் என்றார்கள். சில உத்தரவாதங்களைக் கொடுத்து 2009 இல் மறுபடி கேட்டார்கள், அப்போது சம்மதம் கிடைத்தது. உத்தரவாதங்கள் உண்மையானவைதான். ஆனாலும் ஆம் என்ற பதில் வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பதை வாக்கெடுப்பு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கிரேக்கம் இன்னும் கொடுமை. 2015 ஜூலை 5 ஆம் திகதி 61 வீதம் பேர் கடன் நிபந்தனைகளை மறுத்து வாக்களித்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுடைய அரசே அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டது. அந்தப் பேரத்தில் பெரும் பங்கு வகித்த யூரோ நிதியமைச்சர்கள் குழு, உடன்படிக்கையின்படியே ஒரு முறைசாராக் கூட்டம்தான். கடன் கொடுத்த நாட்டு மக்களுக்கும் வாக்கு இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் கிரேக்க ஓய்வூதியக்காரருக்கு ஜேர்மன் நிதியமைச்சரைத் தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப வழியில்லையே. 2022 க்குப் பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு வாழும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

ஐரோப்பியப் பாராளுமன்றத்தை 1979 முதல் மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள். ஆனால் சட்டமூலத்தை முன்வைக்கும் உரிமை பெரும்பாலும் ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கே. 2019 இல் பெரிய கட்சிகள் தங்கள் தலைமை வேட்பாளர்களை முன்னிறுத்திப் பிரசாரம் செய்தன. கடைசியில் அந்தப் பட்டியலிலேயே இல்லாத உர்சுலா வொன் டெர் லையன் ஆணைக்குழுவின் தலைவரானார். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: 1999 இல் அதே பாராளுமன்றத்தின் அழுத்தத்தில் முழு ஆணைக்குழுவும் பதவி விலகியது. நீக்கும் பலம் இருந்தால் மதிப்பும் வரும். எனக்கு அதுதான் அளவுகோல். என் மீது சட்டம் போடுகிறவரை என் வாக்கால் அகற்ற முடியுமா?

இந்த அளவுகோலில் நம் பக்கத்து உடன்படிக்கைகள் எதுவும் தேறாது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரின் தலைவிதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். எந்தத் தோட்ட லயத்துக்கும் போய் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1987 இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கொழும்பில் ஊரடங்குக்குள் கையெழுத்தானது. தமிழர் பிரச்சினைக்கான அந்த ஒப்பந்தத்தில் தமிழர் தரப்பின் கையெழுத்தே இல்லை. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது பாதுகாப்பு உட்படப் பல புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கையெழுத்தாகின. மக்கள் வாசித்துப் பார்க்க அவற்றின் வாசகம் முன்கூட்டி வெளியிடப்படவில்லை. தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்போ இருதரப்புப் பிணக்குகளைப் பேசவே கூடாது என்று விதி வைத்துக்கொண்டு, 2014 க்குப் பிறகு ஓர் உச்சிமாநாடும் நடத்தாமல் கிடக்கிறது.

எனக்கு ஆசையுள்ள இடம் பாக்குநீரிணை. இந்தியப் படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியால் வடபகுதி மீனவரின் வலையும் வாழ்வும் கிழிகிறது, அந்தப் பக்கத்து மீனவர் நம் சிறைகளில் கிடக்கிறார். இரு கரையிலும் தமிழர். பேசுவதோ டெல்லியும் கொழும்பும். இரு நாடுகளும் அந்தக் கடலின் மீன்வள அதிகாரத்தை ஒரு கூட்டுச் சபையிடம் கொடுக்கட்டும். அதில் பாதி ஆசனங்களையாவது யாழ்ப்பாணம், மன்னார், இராமேஸ்வரம், நாகப்பட்டினம் மீனவர்கள் வாக்களித்து நிரப்பட்டும். எந்த முறையில், எந்தக் காலத்தில், எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அந்தச் சபை முடிவு செய்யட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, இந்தச் சபை தொடர வேண்டுமா என்று இரு கரையிலும் வாக்கெடுப்பு வைக்க வேண்டும். ஒரு கரை வேண்டாம் என்றால் அது கலைய வேண்டும், இரண்டாம் தடவை கேட்கக் கூடாது.