முதல் மொழி ஃபார்வர்டு தொல்லை

காட்பாடியில் வேலூர் பஸ் ஏறினாலும் சரி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் சரி, 'உலகத்தின் முதல் மொழி தமிழ்தான், விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்' என்று யாராவது ஃபோனை மூஞ்சிக்கு நேரே நீட்டிவிடுகிறார்கள். எந்த விஞ்ஞானி என்று கேட்டால் தமிழ்த் துரோகியைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. பேச்சு என்ன, தோண்டினால் கிடைக்கிற பானை ஓடா? எழுத்துக்கே வயது 5,000 ஆண்டுச் சொச்சம்தான், அதற்கு முன்னால் பல்லாயிரம் ஆண்டு மனிதன் பேசியதில் ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை; ஆளாளுக்குக் கதை கட்டுவது தாங்காமல்தான் பாரிஸ் மொழியியல் சங்கம் 1866இலேயே மொழித் தோற்றம் பற்றிக் கட்டுரையே வேண்டாம் என்று தடை போட்டது. 2,000 ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம், மதுரைப் பக்கத்து மாங்குளம் பாறையில் கண்ணெதிரே இருக்கிறது, சங்கப் பாட்டு இருக்கிறது. அதைப் படிக்கச் சொன்னால் மட்டும் ஒருத்தருக்கும் நேரமில்லை.