சேனலுக்குப் பக்கத்தில் அந்த 100 எதற்கு?

சிங்கப்பூரில் கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியில் வேலை பார்க்கும் நம் தம்பி தங்கைகள் எழுதுவதை அடிக்கடி ரிவியூ செய்கிறேன். சேனல் என்பது புரோகிராமின் ஒரு பகுதி இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பும் வழி. அதை உருவாக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு 100 இருக்கும். அது பஃபரின் அளவு, அதாவது வாங்க ஆள் வரும்வரை எத்தனை தகவல் காத்திருக்கலாம் என்பது. ஏன் என்று கேட்டால், “புரோகிராம் மாட்டிக்கிச்சுண்ணே, பஃபர் போட்டதும் ஓடுது” என்பார்கள். மாட்டிக்கொள்ளும் நேரம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். வாங்குபவர் மெதுவாக இருந்தால் நெரிசல் நேரத்தில் அந்த 100-ம் நிரம்பும், அனுப்புபவர் மறுபடி நிற்பார்.

பஃபர் இல்லாத சேனல், தேக்கா உணவங்காடியில் தே தாரிக்கைக் கைக்குக் கை கொடுப்பது மாதிரி. வாங்கும் கை நீளும்வரை கொடுப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். அனுப்பி முடிந்தது என்றாலே எதிர்ப்பக்கம் வாங்கிவிட்டது என்று பொருள். 1978-இல் கணினி அறிஞர் டோனி ஹோர் முன்வைத்த முறையும் இதுதான். இரு பக்கமும் தயாரானால்தான் செய்தி கைமாறும். பஃபர் போட்டதும் இந்த உறுதி போய்விடுகிறது. புரோகிராமின் முதன்மைப் பகுதியான மெயின் முடிந்தால் பஃபரில் கிடப்பதெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

பஃபரே கூடாது என்று சொல்லவில்லை. இன்னொரு சேவையிடம் பதில் கேட்டு, செலக்ட்டில் (பல சேனல்களில் எது முதலில் தயாராகிறதோ அதை எடுக்கும் கட்டளை) 2 வினாடி டைம்அவுட் வைக்கிறோம். நேரம் கடந்து நாம் கிளம்பிவிட்டால், பதிலோடு வரும் கோரூட்டீன் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) வாங்க ஆளில்லாமல் அங்கேயே நிற்கும். பயன்படாத மெமரியைத் துப்புரவாக்கும் கார்பேஜ் கலெக்டர் அதை எடுக்காது. டெட்லாக், அதாவது எல்லாம் முடங்கிவிட்டது என்ற எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் எல்லா கோரூட்டீனும் உறங்கினால்தான் அது வரும். சர்வரில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்குமே! மெமரி மட்டும் மெல்ல மெல்ல ஏறும். இங்கே பஃபர் 1 போட்டால் பதிலை வைத்துவிட்டு அந்தக் கோரூட்டீன் போய்விடும். அந்த 1-க்குக் காரணம் இருக்கிறது. ஒரே சமயத்தில் 8 வேலைக்கு மேல் ஓடக்கூடாது என்று 8 போட்டால் அதற்கும் இருக்கிறது. காரணம் சொல்ல முடியாத எண்ணை ரிவியூவில் நான் விடமாட்டேன். முதலில் பஃபர் இல்லாமல் எழுதுங்கள், எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள். வடிவமைப்பில் உள்ள கோளாறு அங்கேதான் தெரியும்.

அப்புறம், சேனலைக் குளோஸ் செய்வது அனுப்பும் பக்கத்தின் வேலை. வாங்கும் பக்கம் மூடிவிட்டால், அடுத்து அனுப்புகிற கோரூட்டீன் பேனிக் ஆகும், அதாவது பிழையோடு முறியும். அனுப்புபவர்கள் பலர் என்றால் அனைவருக்கும் காத்திருக்க உதவும் வெயிட்குரூப் வைத்து, எல்லோரும் முடித்த பிறகு ஒரே ஓர் இடத்தில் மூடுங்கள்.