முருங்கைக் கதியாலும் ஜேர்மன் மொழியும்

ஜேர்மன் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மொழி கற்போருக்கான இணையக் குழுக்களிலேயே கிடந்து நாளைக் கழிக்காதீர்கள். எதைப் பற்றி உங்களுக்கு நாலு விஷயம் தெரியுமோ, அதைப் பற்றி ஜேர்மன்காரர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொள்ளும் இடத்தைத் தேடிப் போய் உட்காருங்கள்.

நான் ஜேர்மன் மொழியின் முதல் நிலைப் பரீட்சையான ஏ1 சித்தியடைந்தவள். திருகோணமலையிலிருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். பெயர், வயது, ஊர், பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வது எல்லாம் மனப்பாடம். அடுத்த வாரம் ஜேர்மனியில் இருக்கும் அக்காவின் மகள் தொலைபேசியில் வந்தாள். ஒன்பது வயது. அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அன்று பள்ளியில் நடந்த ஏதோ ஒரு சண்டையை ஜேர்மனில் மூச்சுவிடாமல் சொன்னாள். எனக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. பெறாமகளின் கதைக்கு 'ஆம், ஆம்' என்று தலையாட்டிய அந்த வேதனை இன்னும் மறக்கவில்லை.

கற்போர் குழுக்களிலும் சேர்ந்து பார்த்தேன். 'இன்று வெயில்' என்று ஒருவர் எழுதுவார், 'இங்கும் வெயில்' என்று இன்னொருவர் எழுதுவார். என் பிழையைத் திருத்துகிறவருக்கும் என்னளவு ஜேர்மன்தான் தெரியும்.

பிறகுதான் தோட்டம் செய்வோரின் ஜேர்மன் குழு ஒன்றில் நுழைந்தேன். இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை, வாசித்தேன். ஒருநாள் ஒருவர் யன்னலோரச் சட்டியில் விதை போட்டு வளர்த்த முருங்கையின் படத்தைப் போட்டு, ஏன் இப்படி நூலாக நீள்கிறது என்று கேட்டிருந்தார். முருங்கை! திருகோணமலை உவர்மலையில் எங்கள் வேலியே முருங்கைக் கதியால்தான். வெளிச்சம் போதாது, கோடையில் வெளியே வையுங்கள், நுனியைக் கிள்ளுங்கள், உறைபனி தொடங்குமுன் உள்ளே எடுங்கள், நாங்கள் விதை போடுவதில்லை, கிளையை வெட்டி ஊன்றுவோம் என்று எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. கதியாலுக்கு என்ன சொல் என்று தெரியாமல் 'வேர்விடும் தடி' என்று எழுதினேன். அதற்கு 'ஷ்டெக்லிங்' என்று சொல் தந்தார்கள். அந்தச் சொல் இனிச் செத்தாலும் மறக்காது.

கிளையை நடுவோம் என்ற இடத்தில் 'டேர் அஸ்ட்' என்று எழுதியிருந்தேன். 'டேன் அஸ்ட்' என்று ஒரு முதியவர் பண்பாகத் திருத்தினார். வகுப்பில் அட்டவணையாகப் படித்தது அப்போதுதான் உறைத்தது. இது நம் இரண்டாம் வேற்றுமை! நாம் 'ஐ' உருபைச் சொல்லின் வாலில் ஒட்டுகிறோம். அவர்கள் முன்னால் நிற்கும் சிறுசொல்லை மாற்றுகிறார்கள், அதுவும் ஆண்பால் ஒருமைக்கு மட்டும். அங்கே கிளையும் ஆண்பால்தான். 'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதில் திணறுகிறார்கள். 'நான் நாளை கண்டிக்குப் போவதால்' என்று பேசிப் பழகிய நமக்கு ஏன் பயம்?

அந்த முதியவரை 'டு' என்று ஒருமையில் அழைக்கத்தான் கை கூசியது. அங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கமாம்.

அப்பா சிங்களம் படித்ததும் புத்தகத்தில் அல்ல. மீன் சந்தையில் பாரைக்கும் அறக்குளாவுக்கும் விலை பேசிப் படித்தார். பேச ஒரு காரியம் இருந்தது, மொழி கூடவே வந்தது.

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அப்படியே ஒட்டாதீர்கள். முதலில் நீங்களே எழுதுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். 'பிழை இருந்தால் திருத்துங்கள்' என்று கீழே ஒரு வரி போடுங்கள். தங்கைகளே, தனிச் செய்தியில் படமோ முகவரியோ கேட்டால் கொடுக்க வேண்டாம். மொழி பழகப் பொதுவெளியே போதும்.

போன ஞாயிறு பெறாமகளிடம் முருங்கைக் கதையைச் சொன்னேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். ஷ்டெக்லிங்குக்குத் தமிழ் என்ன என்று கேட்டு, 'கதியால், கதியால்' என்று சொல்லிப் பார்த்தாள்.

இன்று காலை குழுவில் முருங்கையிலையை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வறையை ஜேர்மனில் எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.