கீசர் பிளக்கில் மின்சாரக் கார்: பரவும் செய்தி பாதிதான் சரி

‘கீசர் ஓடும் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் எதுவானாலும் மின்சாரக் காரைச் சார்ஜ் செய்யலாம், லோடு கூடினால் எம்.சி.பி. தானே விழுந்துவிடும்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவிவருகிறது. (எம்.சி.பி. என்பது மின்னோட்டம் வரம்பைத் தாண்டினால் லைனைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்.)

காருடன் தரப்படும் 3.3 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 14 ஆம்பியர் இழுக்கும். பெரிய கீசரும் கிட்டத்தட்ட அவ்வளவே இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால், தண்ணீர் சுட்டதும் கீசர் தானே நின்றுவிட, 30 யூனிட் பேட்டரி கொண்ட கார் அதே மின்னோட்டத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாமல் இழுக்கிறது. பிளக்கின் பிடி தளர்ந்தோ உள்ளே திருகு இறுகாமலோ இருந்தால், அந்த இடம் பிளாஸ்டிக் உருகும் அளவுக்குச் சூடேறலாம். அப்போதும் மின்னோட்டம் வரம்பைத் தாண்டாததால் எம்.சி.பி. விழாது. ‘எம்.சி.பி. தானே விழுந்துவிடும்’ என்பதே செய்தியில் மிக ஆபத்தான வரி.

மின்கசிவால் மனிதருக்கு ஷாக் அடிப்பதையும் எம்.சி.பி. தடுக்காது, அதற்கு, மின்கசிவை உணர்ந்து லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் முறையான எர்த்தும் வேண்டும். வாசலில் உள்ள பாயிண்ட் என்றால், மழைநீர் புகாத மூடியுள்ள பெட்டியும், காருக்கென்றே இழுத்த தனி லைனும் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் (சுருட்டிய வயர் இன்னும் மோசம்) கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது பிளக் கையில் சுட்டால், உடனே சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.