யோபுவுக்கு எத்தனை பிள்ளைகள்?

போன வாரம் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பார்க்க வந்திருந்த ஒருவர், நல்ல மனுஷர்தான், தலையில் கை வைத்து ஜெபம் செய்துவிட்டு, "அழாதே பாப்பா, கர்த்தர் உனக்கு இரட்டிப்பாகத் தருவார்" என்று சொன்னார். அவள் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நானும் அப்படித் திரும்பிப் படுத்தவள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2019 பிப்ரவரி. 36-வது வாரம். ராத்திரி வரை உதைத்துக்கொண்டிருந்தவன் காலையில் அசையவே இல்லை. சுகர், பிரஷர், தைராய்டு, கிருமித்தொற்று, நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள், எல்லாம் நார்மல். கடைசியில் டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணம் கிடைக்காமல் போவது நிறையப் பேருக்கு நடக்கிறது, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை என்றார். அந்த நாட்களில் என்னிடம் யாராவது உண்மை பேசினார்கள் என்றால் அது அவர்தான்.

அப்புறம் வீட்டுக்கு வந்தேன். ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு வந்தார்கள். மாசமாக இருக்கும்போது ஏற்காடு போனது தப்பு என்றார்கள் (அம்மா வீடு அங்கேதான், 20 கொண்டை ஊசி வளைவு தாண்டித்தான் போக வேண்டும்). அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்கும் என்றார் ஒருவர். விசுவாசம் போதவில்லை என்றார் இன்னொருவர். கர்த்தர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்றுகூடச் சொன்னார்கள். என் பிள்ளையைப் பூ மாதிரிப் பறித்துக்கொண்டு போகிற தேவனிடம் நான் எப்படி ஜெபம் பண்ணுவேன்? இரண்டு மாதம் பண்ணவில்லை.

ஏற்காட்டில் அம்மாவிடம் போய் இருந்தேன். அம்மா ஒரு காரணமும் சொல்லவில்லை. காலையில் கஞ்சி, ராத்திரி படுக்கும் முன்னால் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், அவ்வளவுதான். ஒருநாள் 88-ம் சங்கீதம் வந்தது. புலம்புகிற சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நன்றிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது. 18 வசனமும் இருட்டு, கடைசி வார்த்தையே "மறைந்துபோனார்கள்" என்பதுதான். அம்மா அதோடு புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைத்தார். வேதத்துக்குள் இப்படி ஒன்றை எடுக்காமல் விட்டு வைத்திருக்கிறார்களே என்று அந்த இருட்டில் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் பைபிளில் யோபுவின் புத்தகத்தை முழுசாக வாசித்தேன், 42 அதிகாரமும். ஆடு மாடு, பத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்த நல்ல மனுஷர் அவர். பொறுமைக்கு யோபு என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள், ஆனால் மூன்றாம் அதிகாரத்திலேயே அந்த மனுஷர் தான் பிறந்த நாளைச் சபிக்க ஆரம்பித்துவிடுகிறார். அவருடைய சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரி. வாயைத் திறந்ததும் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று. தேவனுக்காக வக்காலத்து வாங்கிப் பேசியவர்கள் அவர்கள், தேவனிடமே சண்டை போட்டவர் யோபு. கடைசியில் தேவனுக்குக் கோபம் வந்தது அந்தச் சிநேகிதர்கள்மேல். ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கிளம்பும் முன்னால் இந்த ஒரு இடத்தையாவது வாசித்துவிட்டுப் போக வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

இன்னொன்று. கடைசியில் யோபுவுக்குக் கர்த்தர் எல்லாவற்றையும் இரட்டிப்பாகக் கொடுத்தார், இரட்டிப்பு, இரட்டிப்பு என்கிறார்களே, அதையும் எண்ணிப் பார்த்தேன். முதலில் 7,000 ஆடு, கடைசியில் 14,000. ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆனது. பிள்ளைகள்? முதலில் ஏழு மகன், மூன்று மகள். கடைசியிலும் ஏழு மகன், மூன்று மகள். இரட்டிப்பாகவில்லை. நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: செத்துப்போன ஆடு கணக்கிலிருந்து போய்விடும், பிள்ளை போகாது. அந்தப் பத்துப் பேரும் தேவனுடைய கணக்கில் அப்படியே இருக்கிறார்கள், அவர்களோடு சேர்த்துத்தான் இருபது. என் மகனும் அந்தக் கணக்கில் இருக்கிறான் என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காக அழுகை வந்தது.

அந்த வருஷம் பெரிய வெள்ளி ஏப்ரல் 19. கோடை மழைக்குப் பிறகு காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, ஆலயத்துக்குள்ளும் மல்லிகை மாதிரி வாசம். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் தியானம். நான்காவது வார்த்தை, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" எத்தனை வருஷமாகக் கேட்கிறேன், அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. இயேசு ஞானஸ்நானம் எடுத்தபோது வானத்திலிருந்து பிதாவின் சத்தம் வந்தது. அவர் ரூபம் மாறிப் பிரகாசித்த மறுரூப மலையிலும் வந்தது. சிலுவையில் ஏன் என்று கேட்டபோது வரவில்லை. அந்த ஏனுக்கு அவருக்கே பதில் கிடைக்கவில்லை என்றால், பதில் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிற நான் தனியாக இல்லை. அவர் இருந்த இடத்தில்தான் நானும் இருக்கிறேன்.

உயிர்த்தெழுதலை நான் முழு மனசோடு நம்புகிறேன், அது இல்லையென்றால் என் பிள்ளையை மறுபடி பார்ப்பேன் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அழுதுகொண்டிருக்கிறவளிடம் ஞாயிற்றுக்கிழமையை அவசரமாகக் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். செத்துப்போன சிநேகிதன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு முதலில் கண்ணீர்தான் விட்டார்.

ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜெபத்தில் இன்னமும் கேட்கிறேன், சில நாள் கோபமாகவே கேட்கிறேன். கேட்க ஆள் இருக்கிறார் என்பதில்தான் என் நாட்கள் ஓடுகின்றன.

அந்த ஜெபம் செய்தவர் போன பிறகு கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பேர் யோசிச்சு வெச்சிருந்தீங்களா கண்ணு?" என்று கேட்டேன். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். பேரைச் சொன்னாள், அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னாள், அது யாருடைய பேர் என்று சொன்னாள், அழுதாள். அழுது முடித்துவிட்டு, "பசிக்குதுக்கா" என்றாள். கீழே கேன்டீனில் இட்லி தீர்ந்துபோயிருந்தது, ஐந்து ரோடு வரை போய் வாங்கி வந்தேன்.