அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள், பாய்

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் உதவிப் பொருள் கொடுத்தபோது எடுத்துப் போட்ட வீடியோதான், பினாங்கில் நம் ஆட்களின் வாட்சப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டு வாசல், பேனர், அரிசி மூட்டை, எண்ணெய், மைலோ டின். நடுவில் அதை வாங்கும் அக்கா, அந்த ராத்தா. முதல் தடவை அவர் சொன்ன நன்றி காதில் விழவில்லையாம். "இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் சொல்கிறார். கதவோரம் பள்ளிச் சீருடையில் அவர் மகள் நிற்கிறாள்.

கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்த அரிசி உலையில் ஏறியிருக்கும், பிள்ளைகள் வயிறு நிறைந்திருக்கும், அல்ஹம்துலில்லாஹ். அந்த முகத்தை ஏன் எடுத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. ரியா என்பதைத் தமிழில் முகஸ்துதி என்கிறோம். இங்கே ஸ்துதி உங்களுக்கு, முகம் அந்த ராத்தாவுடையது.

"ஒருவருடைய நிய்யத்தை, உள்நோக்கத்தை, நீ எப்படி அறிவாய்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. போர்க்களத்தில் இஸ்லாத்தை ஏற்கும் கலிமாவைச் சொன்ன ஒருவரை நபித்தோழர் உசாமா (ரலி) கொன்றுவிட்டபோது, "அவர் உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா?" என்று ரசூலுல்லாஹ் (ஸல்) கேட்டார்கள். அதை நானும் படித்திருக்கிறேன். யார் உள்ளத்தையும் நான் பிளக்கவில்லை. ஆனால் "கொஞ்சம் சத்தமா" என்பதைக் காதால் கேட்டேன். உள்ளத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். செயல்களெல்லாம் நிய்யத்தைப் பொறுத்தவை என்று உமர் (ரலி) அறிவித்த ஹதீஸை மதரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அன்றைக்கு எல்லோருடைய கைப்பேசியிலும் சார்ஜ் தீர்ந்து போயிருந்தால் அந்தப் படிகளை ஏறியிருப்பீர்களா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம்.

மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றிய ஹதீஸை ஒவ்வொரு நோன்பு மாதமும் பயான் உரையில் கேட்கிறோம். உயிர் கொடுத்தவர், குர்ஆன் ஓதியவர், வாரி வழங்கியவர். மூன்றாமவரிடம், வள்ளல் என்று சொல்லப்படுவதற்காகத்தான் கொடுத்தாய், அப்படிச் சொல்லப்பட்டும்விட்டது என்று கூறப்படும். அந்தக் கடைசி வார்த்தைகள் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நடுங்கும். அவருக்குரியது உலகத்திலேயே தீர்ந்துவிட்டது.

"மற்றவர்களுக்கு ஊக்கம் வரும்" என்கிறார்கள். வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான் என்று குர்ஆன் 2:271 சொல்கிறது. மறைத்து ஏழைகளிடம் கொடுத்தால் அது இன்னும் மேல் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. கிழிந்த ஆடையோடு முளர் கூட்டத்தார் மதீனாவுக்கு வந்தபோது, அவர்கள் வறுமையைக் கண்டு நபியவர்களின் முகமே மாறிவிட்டது. மதீனாவாசியான ஒரு அன்சாரி தூக்க முடியாமல் ஒரு பையைத் தூக்கி வந்து எல்லோர் முன்னாலும் வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாகக் கொண்டுவந்தார்கள். ஊரைக் கிளப்பிவிட்டது அந்தப் பைதான். முளர் கூட்டத்து ஏழையை யாரும் முன்னால் நிறுத்தி நன்றி சொல்லச் சொல்லவில்லை.

கணக்குக் காட்ட வேண்டும் என்பவர்களுக்கு: ரசீதைப் போடுங்கள், எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள், போதும். முகம் கணக்கு ஆகாது.

"கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலே கட்டியவர் பட்டத்தோடுதானே நிற்கிறது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, காதர் மொகிதீன் நம் பினாங்கில் அதை நிறுவியது 1801-இல். கப்பித்தான் என்பது அவர் வகித்த சமூகத் தலைவர் பதவி. இன்றைக்கு அங்கே லுஹர் தொழுதுவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் சொந்தப் பெயர் தெரியும்? அந்தச் சுவரில் எந்த ஏழையின் முகமும் மாட்டியிருக்கவில்லை.

அப்புறம் இன்னொரு கருத்து. "பொறாமை. நீ எத்தனை மூட்டை கொடுத்தாய்?" அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தேன். போட்டவர்களில் என்னோடு ஒரே தட்டில் நோன்பு திறந்தவர்களும் இருக்கிறார்கள். வலித்தது.

நான் கொடுத்ததைச் சொல்ல மாட்டேன். வாங்கியதைச் சொல்கிறேன்.

அத்தா நாசி கண்டார் கடையில் வேலை பார்த்தவர். எனக்குப் பத்து வயதில் மவுத்தானார். மறு வருஷம் பள்ளிக்கூட மேடையில் 'அனாக் யாத்தீம்', அனாதைப் பிள்ளை, என்று சொல்லி என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு பை, ஒரு ஜோடி சப்பாத்து. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். அந்தப் படம் வருஷம் முழுக்க அறிவிப்புப் பலகையில் இருந்தது. சப்பாத்து ஒரு அளவு சின்னது. சிரித்து வாங்கியதை மாற்றித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? குதிகால் புண்ணோடு அந்த வருஷம் ஓடியது. அந்தப் பலகையைக் கடக்கும்போது எந்தப் பையன் என்ன சொன்னான் என்பது நாற்பது தாண்டிய இந்த வயதிலும் அப்படியே நினைவிருக்கிறது.

அதே வருஷம் நோன்பில், தராவீஹ் தொழுகை முடிந்து திரும்பியபோது வீட்டு வாசலில் ஒரு பை இருந்தது. அரிசி, பருப்பு, நெய், மடித்த தாளுக்குள் ஐம்பது வெள்ளிப் பணம் (ரிங்கிட்). மறு வருஷமும் வந்தது. இப்படி ஆறு நோன்பு. உம்மா மாமாமார்கள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் நான் இல்லை என்றார்கள். ஏழாவது வருஷம் பை வரவில்லை. உம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அந்த மனுஷர் மவுத்தாயிட்டார் போல" என்று அழுதார்.

நபியவர்களின் கொள்ளுப்பேரர் இமாம் அலீ ஜைனுல் ஆபிதீன் மறைந்தபோது மதீனாவில் எத்தனையோ வீடுகளுக்கு இரவில் வந்துகொண்டிருந்த உணவு நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தவர் யார் என்று தெரிந்தது. மய்யித்தைக் குளிப்பாட்டியவர்கள் அவர் முதுகில் மூட்டை சுமந்த தழும்பைப் பார்த்தார்களாம். எங்கள் மனுஷரின் தழும்பைப் பார்க்க எங்களுக்குக் கிடைக்கவில்லை. உம்மா சாகும்வரை ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் "பை வச்ச அந்த மனுஷருக்கு" என்று பெயர் இல்லாமல் துஆ கேட்டார். மேடையில் சப்பாத்துக் கொடுத்தவருக்கு அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்கிறது 2:264. அந்த நோவினையை நான் காலில் போட்டு நடந்திருக்கிறேன், பாய்.

நாளை திங்கட்கிழமை. கதவோரம் நின்ற அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். இன்று இரவுக்குள் எடுத்துவிடுங்கள்.