தவறென்று ஒப்புக்கொண்ட பிறகும் யார் திருத்துவது?

கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவர், தன் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே மறுபடி பார்க்கக் கோரும் சீராய்வு மனுவைத் தாக்கல் செய்தாலே, "உச்ச நீதிமன்றமே சொல்லி முடித்த பிறகு இன்னும் என்ன?" என்று சலித்துக்கொள்பவர்கள் நம்மில் அதிகம். அவர்களிடம் நான் முன்வைக்க விரும்புவது ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜியின் வழக்கு.

மனைவி, பிள்ளைகள் உள்ளிட்டோரைக் கொன்றதற்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் கொலை செய்தாரா என்பதல்ல இங்கே என் கேள்வி. 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, மரண தண்டனை விதிக்கும் முன் குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியின் நிலையையும், அவர் திருந்த வாய்ப்புண்டா என்பதையும் எடைபோட வேண்டும் என்று தெளிவாக வகுத்திருந்தது. ராவ்ஜியின் மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வோ, குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை, குற்றத்தின் தன்மையைப் பார்த்தால் போதும் என்றது. சிறிய அமர்வு பெரிய அமர்வின் தீர்ப்பை மீற முடியாது என்பது சட்டக் கல்லூரியில் முதலாண்டிலேயே சொல்லித்தரப்படும் பாடம். ஆனாலும் 1996 மே மாதம் ராவ்ஜி தூக்கிலிடப்பட்டார்.

அவரோடு அந்தப் பிழை முடிந்துவிடவில்லை. ராவ்ஜி தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொண்டு வேறு பல அமர்வுகளும் மரண தண்டனையை உறுதிசெய்தன. அவ்வாறு தண்டிக்கப்பட்ட சுர்ஜா ராம் 1997இல் தூக்கிலிடப்பட்டார். 2009 மே மாதம் பரியார் வழக்கில்தான், பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணாக ராவ்ஜி வழக்கு முடிவு செய்யப்பட்டதை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, அதைப் பின்பற்றிய தீர்ப்புகளையும் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டியது. ஆனால் அந்த வழக்குகளைத் தானாக முன்வந்து மறுபடி திறக்கவில்லை. 2012இல் ஓய்வுபெற்ற 14 நீதிபதிகள், இந்தப் பிழையால் மரண தண்டனை பெற்று அப்போதும் உயிரோடிருந்த 13 பேருக்காகக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நீதிமன்றம் செய்த சட்டப் பிழைக்குக் கருணை மனுவின் வழியாகப் பரிகாரம் தேட நேர்ந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அதே 2009இல், பரியார் தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்பு, மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றம் ராவ்ஜி தீர்ப்பைப் பின்பற்றி மரண தண்டனை விதித்தது. அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததையும் மாற்றி அது தூக்கை விதித்தது. பத்தாண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில், சீராய்வு மனுவின் பேரில் வழக்கை மறுபடி விசாரித்த மூன்று நீதிபதிகள் அமர்வு ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு மாநில அரசுக்கு உத்தரவிட்டது. நேரில் கண்ட சாட்சி, காவல்துறையின் புகைப்படத் தொகுப்பிலிருந்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்த தகவல் ஆவணங்களிலேயே கிடந்தது. தண்டனை விதித்த விதத்தில் மட்டும் பிழை இருப்பதாக நினைத்துத் திறந்த கோப்பில் குற்றத் தீர்ப்பே நொறுங்கிப்போகலாம் என்பதால்தான் சீராய்வை வெறும் சடங்காகக் கருதக் கூடாது என்கிறேன்.

இத்தகைய மனுக்கள் நீதிபதிகளின் அறைக்குள், வழக்கறிஞரின் வாதமே இல்லாமல் முடிக்கப்பட்டுவந்த நடைமுறையை 2014 செப்டம்பரில் முகமது ஆரிப் வழக்கின் தீர்ப்பு மாற்றியது. மரண தண்டனை வழக்குகளின் சீராய்வு மனுவை மூன்று நீதிபதிகளாவது திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்றானது. தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கில் 2010இல் உறுதிசெய்யப்பட்ட மூவரின் மரண தண்டனை, 2016 மார்ச்சில் ஆயுளாகக் குறைந்ததும் சீராய்வில்தான். மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்த வழக்கு என்பதால் அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டில் பலருக்குக் கசந்தது, எனக்கும் கசந்தது. ஆனால் கும்பல் வெறியில் நடந்ததையும் திட்டமிட்ட கொலையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்ற வாதம் கேட்கப்பட வேண்டியதே.

எனவே என் கோரிக்கை குறுகலானது. ஒரு முன்தீர்ப்பு தவறானது என உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் நாளிலேயே, அதை நம்பித் தண்டிக்கப்பட்டவர்களின் பட்டியலை அதன் பதிவாளர் அலுவலகம் தயாரித்து, சட்ட உதவி ஆணையத்தின் மூலம் வழக்கறிஞரை நியமித்து, அந்த வழக்குகளைத் தானாகவே திறந்த நீதிமன்றத்தில் பட்டியலிட வேண்டும். சிறையில் இருக்கும் எழுத்தறிவற்ற ஒருவர், தன்னைத் தண்டித்த தீர்ப்பு பின்னாளில் தவறென அறிவிக்கப்பட்டதைத் தானே கண்டுபிடித்து மனுப் போடட்டும் என்று காத்திருக்கக் கூடாது.